பத்தடிக்குள் ஒரு கார்!

ஒரு குட்டிக் காரின் கதையை எகிப்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் கூடவே வாருங்கள்!

1956, ஜூலை 26. அலெக்ஸாண்ட்ரியா நகரில் மாபெரும் பொதுக்கூட்டம். மேடையில் எகிப்து அதிபர் நாஸர். பேச்சு ரேடியோவிலும் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே ‘டி லெஸெப்ஸ்... டி லெஸெப்ஸ்’ என்று ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் நாஸர். சூயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. ‘என்ன இன்றைக்கு இவர் அந்த ஆளையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்?’ என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். ஆனால், புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. அந்தப் பெயர்தான் சங்கேத வார்த்தை! ரேடியோவில் அதைக் கேட்டதுமே நாஸரின் ஆட்கள் கால்வாய் கம்பெனியின் அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். கூட்டம் முடிவதற்குள் சூயஸ் கால்வாய் எகிப்தின் கையில்!

பிரிட்டனும் பிரான்ஸும் கொதித்துப்போய், இஸ்ரேலையும் சேர்த்துக்கொண்டு படையெடுத்தன. நாஸர் அசரவில்லை. கால்வாய்க்குள்ளேயே கப்பல்களை மூழ்கடித்துப் பாதையை அடைத்துவிட்டார். அமெரிக்காவும் கண்டித்துவிட, படைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பின. ஒரு பேரரசு அதோடு ‘பேரரசு’ என்ற பட்டத்தை இழந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். லண்டனில் கார் வைத்திருந்த சாதாரண மனிதனுக்கு என்ன ஆயிற்று? பெட்ரோல் கிடைக்கவில்லை! 1956 டிசம்பரிலிருந்து அடுத்த மே மாதம் வரை பெட்ரோலுக்கு ரேஷன். கூப்பனை நீட்டினால் மாதத்துக்குச் சுமார் 200 மைல் ஓடும் அளவுக்குக் கிடைக்கும். அவ்வளவுதான்.

பெட்ரோல் இல்லாத ஊரில் எந்தக் கார் விற்கும்? எறும்பு மாதிரிக் குடிக்கிற கார்! ஜெர்மனியிலிருந்து குட்டிக் குட்டியாக, முட்டை வடிவில் சில வண்டிகள் வந்து இறங்கின. மூன்று சக்கரம், மோட்டார் சைக்கிள் இன்ஜின், மேலே கண்ணாடிக் கூடு. ‘பபிள் கார்’ என்று பெயர் வைத்தார்கள். பி.எம்.டபிள்யூ.வின் ‘இஸெட்டா’ என்ற வண்டியில் கதவு எங்கே தெரியுமா? முன்னால்! ஃபிரிட்ஜைத் திறப்பது போலத் திறந்து உள்ளே போக வேண்டும். அதை முதலில் வடிவமைத்த இத்தாலிய கம்பெனி நிஜமாகவே ஃபிரிட்ஜ் தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனிதான் என்பது தனி தமாஷ்.

மற்ற இரண்டு வண்டிகளின் பெயர்களைக் கேளுங்கள்... மெஸ்ஸர்ஷ்மிட், ஹைன்கல். 1940-ல் இதே லண்டன் வானத்தில் குண்டு போட வந்த விமானங்களின் பெயர்கள்! போருக்குப் பிறகு விமானம் தயாரிக்கத் தடை விதிக்கப்பட, அந்தக் கம்பெனிகள் வயிற்றுப் பிழைப்புக்காகக் குட்டி வண்டிகள் செய்ய ஆரம்பித்திருந்தன. பதினாறு வருஷத்துக்குப் பிறகு அதே பெயர்கள் லண்டன் தெருவில் டுர்ர்ரென்று ஓடினால் ஓர் ஆங்கிலேயருக்கு எப்படி இருக்கும்?

லியனார்ட் லார்டுக்கு ரத்தம் கொதித்தது. இவர், ஆஸ்டினும் மோரிஸும் 1952-ல் இணைந்து உருவான பி.எம்.சி. கம்பெனியின் தலைவர். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை சரளமாக வரும் என்று பெயர் வாங்கியவர். ‘இந்தப் பாழாய்ப்போன முட்டைகளைத் தெருவிலிருந்து விரட்டியாக வேண்டும். நிஜமான ஒரு சின்னக் கார் செய்!’ என்கிற ரீதியில் அவர் உத்தரவு போட்டார். ஒரே ஒரு நிபந்தனை - கம்பெனியில் ஏற்கெனவே இருக்கிற இன்ஜின்தான், புதிதாக இன்ஜின் செய்யக் காசு கிடையாது.

உத்தரவை வாங்கிக்கொண்டவர் அலெக் இஸிகோனிஸ். கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை ஃபெயிலான இன்ஜினீயர்!

இஸிகோனிஸ் பிறந்தது 1906-ல், ஸ்மிர்னாவில். இன்றைக்கு துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம். அப்பா கிரேக்க வம்சம், ஆனால் பிரிட்டிஷ் பிரஜை. அம்மா ஜெர்மனியின் பவேரியாக்காரர். சொந்தத் தொழிற்சாலை, வசதியான வாழ்க்கை. 1922-ல் கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில் எல்லாம் தலைகீழாயிற்று. பிரிட்டிஷ் கப்பல்கள் தங்கள் பிரஜைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு மால்டா தீவுக்குக் கிளம்பின. அப்பா மால்டாவிலேயே இறந்துபோக, அம்மாவும் பிள்ளையுமாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். பையன் லண்டன் பாட்டர்ஸீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். படம் வரைவதில் சூரன். கணக்கு மட்டும் கடைசிவரை ஏறவில்லை. பிற்காலத்தில், ‘சுத்த கணிதம் என்பது படைப்பாளியின் விரோதி’ என்ற பொருளில் பேசி மனசை ஆற்றிக்கொண்டார்!

இவர் எப்படி வேலை செய்வார் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1948-ல் வெளிவந்த ‘மோரிஸ் மைனர்’ இவர் வடிவமைத்ததுதான். (இலங்கைக்குப் போனவர்கள் இந்தக் காரைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள்.) மாடல் தயாராகித் தயாரிப்புக்குப் போகும் நேரத்தில், ‘என்னவோ ஒல்லியாக இருக்கிறதே...’ என்று இவருக்கு உறுத்தல். கூட்டல் கழித்தல் எதுவும் போடவில்லை. காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் தள்ளியபோது, ‘ஆங்... அங்கேயே நிறுத்து!’ அதுதான் மோரிஸ் மைனரின் அகலம். பம்பர் ஏற்கெனவே செய்துவிட்டதால், அதையும் நடுவில் வெட்டி ஓர் ஒட்டுப் போட்டு விற்றார்கள்.

இப்போது அவர் முன்னால் இருந்த வேலை, மொத்த நீளம் 10 அடிக்குள் ஒரு கார். உள்ளே நாலு பெரியவர்கள் முழங்காலை மடக்கிக் கஷ்டப்படாமல் உட்கார வேண்டும். பெட்டி படுக்கையும் வைக்க வேண்டும்.

அம்பாசடரின் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், காலுக்கு அடியில் ஒரு மேடு இடிக்கும். அந்தக் காலத்துப் பெரும்பாலான கார்களில் இன்ஜின் முன்னால் நெடுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் வாலில் கியர் பாக்ஸ். அங்கிருந்து நீளமாக ஒரு ஷாஃப்ட் கார் முழுக்க ஓடிப் பின்சக்கரங்களைச் சுற்றும். ஷாஃப்டுக்கு வழிவிடத்தான் அந்த மேடு! பாதி வீட்டை மெஷினுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மீதியில் குடித்தனம் நடத்துகிற கதை.

இஸிகோனிஸ் இன்ஜினை எடுத்தார். குறுக்கே திருப்பிப் போட்டார். முன்சக்கரங்களையே சுற்றும்படி செய்தார். பின்னால் போகும் ஷாஃப்ட் காலி, மேடும் காலி! ஆனால் ஒரு சிக்கல். நாலு சிலிண்டர் இன்ஜினைக் குறுக்கே வைத்தாலே முன்பக்கத்தின் அகலம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கியர் பாக்ஸை எங்கே வைப்பது? இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி இருக்கிறதே, அதற்குள்ளேயே வைத்துவிட்டார்! இரண்டுக்கும் ஒரே ஆயில். துணிச்சலான யோசனை. பிற்காலத்தில் மெக்கானிக்குகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட யோசனையும் அதுதான்.

குறுக்கு இன்ஜினும் முன்சக்கர ஓட்டமும் இவர் கண்டுபிடிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி 1931-லேயே இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறது. ஆனால் அது சின்ன இரண்டு சிலிண்டர் இன்ஜின். நாலு சிலிண்டர் இன்ஜினைப் பத்தடிக்குள் அடைத்ததுதான் இவருடைய சாமர்த்தியம்.

இன்னொரு தலைவலி... முன்சக்கரம் ஸ்டியரிங்குக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் திரும்புகிறது. திரும்பிக்கொண்டே இருக்கிற சக்கரத்துக்குச் சக்தியை எப்படிக் கொடுப்பது? சாதாரண மூட்டு வைத்தால், வளைவில் ஸ்டியரிங் கையில் உதறும். இதற்குள் பந்துகள் உருளும் ஒரு வகை மூட்டு 1920-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். இன்று தெருவில் ஓடும் முன்சக்கர ஓட்டக் கார்களில் எல்லாம் அந்த வகை மூட்டுதான்.

சக்கரம் பெரிதாக இருந்தால் அதுவும் இடத்தைத் தின்னுமே? டன்லப் கம்பெனிக்காரரிடம் இஸிகோனிஸ் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே காட்டி, ‘இவ்வளவுதான் வேண்டும்’ என்றாராம். அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். பத்து அங்குலம்! அப்படி ஒரு கதை சொல்வார்கள். கணக்குப் பிடிக்காத மனிதர், நம்பலாம்.

சஸ்பென்ஷனுக்கு அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்டன் வந்தார். குடும்பத் தொழில் ரப்பர். காரின் எடையே 600 கிலோதான். நாலு பேரும் சாமானும் ஏறினால் அதில் பாதி எடை கூடிவிடும். சாதாரண ஸ்பிரிங்கை ஒருவருக்கு ஏற்ற மாதிரி மெதுவாக வைத்தால், நாலு பேர் ஏறியதும் கார் தரையைத் தொடும். நாலு பேருக்கு ஏற்ற மாதிரி வைத்தால், தனியாகப் போகிறவருக்கு இடுப்பு கழன்றுவிடும். ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. அழுத்த அழுத்த இறுகும். ஆகவே ஸ்பிரிங்குக்குப் பதில் சின்னச் சின்ன ரப்பர்க் கூம்புகள்!

கடைசியில் பத்தடியில் எட்டடி மனிதர்களுக்கும் பெட்டிகளுக்கும். இரண்டடி மட்டும் மெஷினுக்கு. ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது, பக்கவாட்டில் நகரும். அதனால் மிச்சமான கதவின் வயிற்றில் பெரிய பை. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு. ரேடியோ? கிடையாது! கார் ஓட்டுகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்பது ஐயாவின் கட்சி. சீட்டும் ரொம்ப சொகுசாக இருக்கக் கூடாதாம், தூங்கிவிடுவானாம். ஆனால் ஆஷ்ட்ரே மட்டும் பெரிது... மனிதர் விடாமல் சிகரெட் பிடிப்பவர்!

1958 ஜூலையில் லார்டு மாதிரிக் காரை எடுத்துக்கொண்டு தொழிற்சாலையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஐந்தே நிமிஷம். இறங்கி, ‘பன்னிரண்டு மாதத்தில் தயாரிப்பு தொடங்கியாக வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

1959, ஆகஸ்ட் 26 அன்று கார் வெளிவந்தது. ‘ஆஸ்டின் செவன்’, ‘மோரிஸ் மினி மைனர்’ என்று ஒரே காருக்கு இரண்டு பெயர்கள். விலை வரியோடு 496 பவுண்டு சொச்சம். அவசரத்தின் பலன் முதல் மழையிலேயே தெரிந்தது. அடித்தகடுகளின் இணைப்பு, தண்ணீர் உள்ளே வருவதற்கு வசதியாக அமைந்துவிட்டது! காலுக்கடியில் குளம். இன்ஜினைத் திருப்பி வைத்ததில் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட, மழை அதிலும் அடித்துக் கார் நடுரோட்டில் நின்றது. எந்த ஏழைக் குடும்பஸ்தனுக்காகச் செய்தார்களோ, அவன் ‘பொம்மை மாதிரி இருக்கிறதே’ என்று ஒதுங்கிப்போனான். வாங்கியது யார்? நடிகர்கள், பாடகர்கள், பீட்டில்ஸ்! லண்டன் நாகரிகத்தின் சின்னமாயிற்று மினி. ரேஸ் கார்கள் செய்த ஜான் கூப்பர் கை வைக்க, 1961-ல் மினி கூப்பர் பிறந்தது. 1964, 65, 67 என்று மூன்று முறை மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களை எல்லாம் மண் கவ்வ வைத்தது. 1966-லும் முதல் மூன்று இடமும் மினிதான். ஆனால் ஹெட்லைட் பல்பு விதிப்படி இல்லை என்று சொல்லித் தகுதியிழக்கச் செய்துவிட்டார்கள்!

இவ்வளவு புகழ் வந்ததே, காசு வந்ததா? போட்டிக் கம்பெனியான ஃபோர்டுக்கும் அதே சந்தேகம். ஒரு மினியை வாங்கி, நட்டு போல்ட்டு வரை கழற்றிப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார்கள். கூட்டி முடித்ததும் அவர்களுக்கே மயக்கம். ஒரு கார் விற்றால் பி.எம்.சி.க்கு சுமார் 30 பவுண்டு நஷ்டம்! விலையை முதலில் வைத்துவிட்டுச் செலவைப் பிறகு பார்த்திருக்கிறார்கள். கணக்கில் ஃபெயிலானவர் இஸிகோனிஸ் மட்டுமில்லை போலிருக்கிறது.

இத்தாலியில் ஒருவர் இதையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியட்டின் தலைமை இன்ஜினீயர் டான்டே ஜியகோஸா. மினியின் யோசனையை எடுத்துக்கொண்டார், அதன் வம்பை விட்டுவிட்டார். கியர் பாக்ஸை ஆயில் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, இன்ஜினின் பக்கவாட்டில் ஒட்டவைத்தார். தோற்றால் ஃபியட்டின் பெயர் கெட்டுவிடுமே? அதனால் 1964-ல் ‘ஆட்டோபியாங்கி’ என்ற துணைக் கம்பெனியின் பெயரில் விட்டுப் பார்த்தார்கள். ஜெயித்ததும் 1969-ல் ஃபியட் 128. உலகம் முழுக்கச் சின்னக் கார்கள் பின்பற்றியது இந்த வழியைத்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம்மூரில் முதலில் திகைத்துப்போனவர்கள் மெக்கானிக்குகள். அம்பாசடரைத் தூக்கத்திலும் பிரித்து மாட்டுகிறவர்கள் மாருதியின் பானெட்டைத் திறந்தால்... இன்ஜின் குறுக்கே கிடக்கிறது! பின்னால் ஓட வேண்டிய ஷாஃப்டையே காணோம்! 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர ஓட்டம். நீளம் பத்தடியிலிருந்து ஓர் அடி போலக் கூடுதல்.

இஸிகோனிஸ் சும்மா இருக்கவில்லை. மினியைவிடவும் நீளம் குறைந்த, ஆனால் உள்ளே இடம் கூடிய ஒரு காரை 1968-லேயே செய்து நிறுத்தினார். ஆனால், அந்த வருஷம்தான் கம்பெனி லேலண்டோடு இணைந்தது. புது முதலாளிகள் அந்தக் காரை மூலையில் போட்டார்கள். மறு வருஷம் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1988-ல் இறந்தார். லேலண்டு 1975-ல் அரசாங்கத்தின் தலையில் விழுந்து, ரோவர் என்று பெயர் மாறி, கைமாறிக் கைமாறி 1994-ல் ஒரு ஜெர்மன் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. 2000-ல் அந்த ஜெர்மன்காரர்கள் ரோவரைப் பெயருக்குப் பத்தே பவுண்டு வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டார்கள். ஆனால் ‘மினி’ என்ற பெயரைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 53 லட்சத்துக்கு மேல் ஓடிய பழைய மினியின் தயாரிப்பு அந்த அக்டோபரில் நின்றது. 2001-லிருந்து வரும் புது மினி அவர்களுடையது.

அந்த ஜெர்மன் கம்பெனி எது? பி.எம்.டபிள்யூ! மினி பிறந்த அதே 1959 டிசம்பரில், நஷ்டத்தில் மூழ்கி, எதிராளியான டைம்லர் பென்ஸிடம் விலைபோகும் நிலைக்கு வந்து மயிரிழையில் தப்பித்த கம்பெனி. ஃபிரிட்ஜ் கதவு வைத்த அந்த முட்டைக் காரை விற்ற அதே ஆசாமிகள்தான்.