பாடகர் பாடியதை வயலின் உடனே வாசிப்பது எப்படி? காதுக்கும் கைக்கும் மூளை போடும் பாலம்!

மார்கழி வந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் திரும்பிய இடமெல்லாம் கச்சேரிதான். மேடையில் பாடகர் ராக ஆலாபனை செய்ய, பக்கத்தில் இருக்கும் வயலின் கலைஞர் அதை நிழல் மாதிரி தொடர்ந்து வாசிப்பார். பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. ஆலாபனையோ அந்த நேரத்துக் கற்பனை. அப்படியென்றால், கேட்ட நொடியில் விரல் எப்படி சரியான இடத்துக்குப் போகிறது?

காதில் விழுந்ததும் என்ன நடக்கும்?

உட்காதில் நத்தை வடிவில் உள்ள உறுப்பு, ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில் உள்ள செவிப்புலப் பகுதி, சுரம் எது என்று அடையாளம் காண்கிறது. அங்கிருந்து தகவல் மூளையின் முன்பகுதிக்குப் போகிறது. எந்த விரல், எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்று அங்கேதான் திட்டம் தயாராகிறது. நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்வதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த இணைப்பு பிறவியிலேயே வருவதா?

பழக்கத்தில் வருவது. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இசையே கற்காத சிலருக்கு 5 நாட்கள் பியானோவில் ஒரு மெட்டு சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு விரலை அசைக்காமல் அதே மெட்டைக் கேட்க வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். கை சும்மா இருந்தாலும், அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்தன. வாசித்துப் பழகாத மெட்டுக்கு அந்த அளவு இல்லை.

இந்தப் பாலத்துக்குக் கண் கூட கட்டாயமில்லை. சிறு வயதிலேயே பார்வையை இழந்த வயலின் மேதை எம்.சந்திரசேகரன், 2005இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்.

கேட்ட பிறகு வாசித்தால் லேட் ஆகாதா?

ஆகும். அதனால்தான் மூளை காத்திருப்பதில்லை, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கிறது. உதாரணமாக, மோகனத்தில் ச, ரி, க, ப, த என்ற 5 சுரங்கள்தான். ம, நி இரண்டுக்கும் இடமே இல்லை. ராகம் இன்னது என்று பிடிபட்டதுமே, விரல் போகக்கூடிய வழிகள் குறைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் கேட்டும் வாசித்தும் பழகியவருக்கு ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது சட்டென்று திருத்திக்கொள்வதும் பயிற்சியின் பகுதிதான்.

மனதுக்குள் வாசித்தால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் முழுசாக இல்லை. 1995இல் வெளியான ஆய்வில், ஒரு குழு தினமும் 2 மணி நேரம் வீதம் 5 நாட்கள் பியானோ பயிற்சி செய்தது. இன்னொரு குழு கையை அசைக்காமல் கற்பனையில் மட்டும் வாசித்தது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி மாற்றம் தெரிந்தது. வாசிப்பில் முந்தியது நிஜமாகப் பழகிய குழுதான். ஆனால் கற்பனைக் குழு ஒரே ஒரு முறை 2 மணி நேரம் வாசித்ததும் அவர்களை எட்டிப்பிடித்துவிட்டது.

பாலம் உடைந்தால்?

பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ராவெலுக்கு அதுதான் நடந்தது. 1930களில் மூளை நோய் தாக்கியது. இசையைக் கேட்டு ரசிக்க முடிந்தது, தலைக்குள் புது இசையும் ஓடியது. ஆனால் அதை எழுதவோ வாசிக்கவோ முடியவில்லை. 1937இல் அவர் இறந்தார். மனதில் இசை இருப்பதும் அதை வெளியே கொண்டுவருவதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இது சோகமான சாட்சி.

கற்பவர்களுக்கு என்ன பாடம்?

மிருதங்க வகுப்பில் 'தகதிமி' என்று முதலில் வாயால் சொல்ல வைப்பார்கள். வயலின் வகுப்பில் "பாடிட்டு அப்புறம் வாசி" என்பார்கள். மனதில் சுரம் தெளிவாக இருந்தால்தான் கைக்குச் சரியான கட்டளை போகும் என்பதே இதன் பின்னணி. அதனால் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் "பிள்ளைக்குக் கை வரவில்லை" என்று பெற்றோர் முடிவு கட்ட வேண்டாம். பாடச் சொல்லிப் பாருங்கள். சரியாகப் பாடினால் பாதி வேலை முடிந்தது, மீதிக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.