குழாய் மாட்டின கதை

பொட்டி தட்டுற மக்களே, 'டாக்கர் கம்போஸ் அப்'னு ஒரு வரி அடிச்சா டேட்டாபேஸ், வெப் சர்வர், இன்னபிற சர்வீஸ் எல்லாம் தானா எழுந்து நிக்குது இல்லையா? இந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி அம்பது வருஷத்துக்கு மேல கதை இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1964-ல் பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்து ஹோஸ் பைப்பைத் துண்டு துண்டா மாட்டி நீட்டுற மாதிரி ப்ரோக்ராம்களையும் மாட்ட வழி வேணும் என்பதுதான் விஷயம். 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில், மென்பொருளுக்கும் கேட்டலாக் பார்த்து பாகம் எடுக்கிற தொழில் வரணும்னு கட்டுரையே வாசித்தார்.

மனுஷன் விடாம நச்சரிச்சதுல, 1973-ல் கென் தாம்சன் ஒரே ராத்திரியில் யூனிக்ஸில் பைப்பைச் சேர்த்துட்டார். பைப்பை விட முக்கியமான வேலை ஒண்ணும் கூடவே நடந்தது. அதுவரை பல கருவிகள் ஃபைல் பேர் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதையெல்லாம் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்தும் படிக்கிற மாதிரி மாத்தினாங்க. மறுநாள் ஆபீஸே ஒத்தை வரி கமாண்ட் எழுதிப் பார்த்ததாம். 'சார்ட்'டுக்கு முன்னாடி யார் இருக்கா, பின்னாடி யார் இருக்கானு 'சார்ட்'டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். என்னைக் கேட்டா மொத்த சூட்சுமமும் அதான்.

ஓட்டுறது இப்படின்னா, கட்டுறதுக்கு 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதின 'மேக்' வந்தது. திருத்தின ஃபைலை கம்பைல் பண்ண மறந்துட்டு, இல்லாத பிழையைத் தேடி ஒரு சக ஊழியர் காலைப் பொழுதையே தொலைச்சதுதான் காரணம். வரி ஆரம்பத்துல டேப் வைக்கணும்ங்கிற எரிச்சலான விதி அப்போ வந்ததுதான். மாத்தலாம்னு பார்த்தா, அதுக்குள்ள ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சிட்டாங்களாம். பன்னண்டு பேருக்காக உலகமே டேப் அடிச்சிட்டிருக்கு :-)

அப்புறம் பெரிய திட்டங்கள் வந்தன. 1991-ல் கோர்பா, 1998-ல் ஈஜேபி, 2007-ல் எஸ்சிஏ. இதுல எஸ்சிஏ மேல எனக்குத் தனிப் பிரியம். ஒவ்வொரு பாகமும் என்ன சேவை தருது, எதை எதிர்பார்க்குதுனு எக்ஸ்எம்எல்லில் எழுதி 'ஒயர்' போட்டு இணைக்கணும். மெக்கில்ராயின் ஹோஸ் பைப்பேதான்! ஆனா பாகங்களை இணைச்சு ஓட்ட அதுக்குன்னு ஒரு ரன்டைம் வேணும். பைப்புக்கு அந்த வம்பே இல்லை. எஸ்சிஏவை ஓட்டிக் காட்டிய அப்பாச்சி டஸ்கனி திட்டத்துக்கு 2016-ல் மூடுவிழா நடந்தது.

2013-ல் வந்த டாக்கர் பழைய வழிக்கே போச்சு. உள்ளே எந்த மொழியோ, என்ன கோடோ, அதுக்குக் கவலை இல்லை. முழு ப்ராசஸையும் அப்படியே டப்பாவில் அடைச்சிடும். டப்பாக்களை இணைக்க வந்த 'ஃபிக்' என்ற கருவிதான் பிறகு கம்போஸ் ஆச்சு.

கம்போஸ் ஃபைல் யாமல் வடிவம். மேக்ஃபைலில் டேப் வைக்கலைன்னா திட்டு விழும். இதுல தள்ளி எழுத டேப் வெச்சா திட்டு விழும்.