சாவதற்கு முன் செல் சொல்லும் செய்தி

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது. சல்பனிலமைடு என்னும் மருந்து அதற்கு முன்பே மாத்திரையாகவும் தூளாகவும் வழங்கி வந்ததுதான். அதைத் திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனம், டை எத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான திரவத்தில் கரைத்து, ராஸ்பெர்ரிப் பழத்தின் சுவையும் சேர்த்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். உயிருக்குத் தீங்கு செய்யுமா என்று மட்டும் பார்க்கவில்லை. 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். விற்பதற்கு முன்னரே தீங்கின்மையைக் காட்டவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1938இல் பிறந்தது இதன் விளைவாகத்தான்.

இது பழங்கதை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலரைக் கொன்ற இருமல் மருந்தில் அதே திரவம் கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இந்த நஞ்சு முன்பே நன்கு அறிந்த நஞ்சு. சாதாரண இரசாயனச் சோதனையே அதைக் காட்டிவிடும். சோதிக்காததுதான் அங்கே குற்றம். நான் இன்று பேசப்போவது, நஞ்சா அன்றா என்று இன்னும் எவரும் அறியாத பொருள்களைப் பற்றி.

அத்தகைய பொருளை எப்படிச் சோதிப்பது? 1927இல் டிரெவன் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஓர் அளவை வகுத்தார். பல விலங்குகளுக்குப் பொருளைக் கொடுத்து, அவற்றுள் பாதி சாவதற்கு எவ்வளவு தேவை என்று கண்டறிவது. எண்ணுவதற்கு எளிது, ஆனால் சாவு வரும்வரை காத்திருக்கவேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று பின்னால் வெளிப்பட்டது. 1957இல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தபோது, எவ்வளவு கொடுத்தும் எலிகள் சாகவில்லை. ஆகவே இது தீங்கற்றது என்று விளம்பரம் செய்தார்கள். அதைக் கருவுற்ற நிலையில் உட்கொண்ட தாய்மாருக்கு, கைகால் குறைபட்ட குழந்தைகள் 10,000க்கு மேல் பிறந்தன. அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி தர மறுத்து நின்றவர் பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையார். அவர் சிகாகோவில் மாணவியாக இருந்தபோது, 1937ஆம் ஆண்டு மருந்தின் நச்சைக் கண்டறிந்த ஆராய்ச்சியில் கைகொடுத்தவர்.

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல நேயர்கள் அனுமதிக்கவேண்டும். தலைமையாசிரியனாக நான் இருந்த ஆண்டுகளில் என் அறையில் அமர்ந்தபடியே வகுப்புகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வகுப்பில் ஏதேனும் நேர்ந்தால், சட்டாம்பிள்ளை ஓடிவந்து முறையிடுவதற்கு முன்னரே அந்த ஓசை மாறிவிடும். ஒரு பொருள் செல்லுக்குள் நுழையும்போதும் இப்படித்தான் ஏதோ மாறுகிறது. அந்த மாற்றத்தை முதன்முதலாகக் கண்ணால் கண்டவர்களுள் ஒருவரின் கதையை நான் விரும்பிச் சொல்வதுண்டு.

அவர் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இத்தாலியர். பழ ஈயின் புழுவில் உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள் மிகப் பெரியவை. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். எந்த இடத்தில் மரபணு விழித்து வேலை செய்கிறதோ, அந்த இடம் அப்பம்போல் உப்பிக்கொள்ளும். ஒரு நாள் ஆராய்ச்சிச்சாலையில் யாரோ வெப்பப் பெட்டியின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். பார்த்தால், வழக்கமாக உப்பாத இடங்கள் உப்பியிருந்தன! வேறொருவராயிருந்தால் அந்தச் சுரப்பிகளை எறிந்துவிட்டு, சூட்டைக் கூட்டியவரைக் கடிந்திருப்பார். ரிட்டோசா மறுபடியும் சுடவைத்துப் பார்த்தார். சில நிமிடங்களிலேயே அதே உப்பல். பிறகு சூடேற்றாமலே டைநைட்ரோபீனால் என்ற நச்சையும், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த சோடியம் சாலிசிலேட்டையும் இட்டார். அப்போதும் அதே இடங்கள் உப்பின. செல் இன்னும் சாகவில்லை; ஆனால் தனக்கு நேர்ந்த இடரைத் தன் மரபணுக்களாலேயே அறிவித்துவிட்டது. முதலில் அனுப்பிய ஏடு இக்கட்டுரையை ஏற்கவில்லை. 1962இல் வேறோர் ஏட்டில் அது வெளிவந்தது. அதன் பெருமையை உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

உப்புவதன் பொருள் என்ன? ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. வேண்டிய மரபணுவை மட்டும் படியெடுத்து, அந்தப் படியைக் கொண்டு செல் புரதத்தைச் செய்கிறது. தூது ஆர்.என்.ஏ. என்னும் அப்படி இருப்பதை 1961இல் மெய்ப்பித்தனர். ஆக, எந்தப் படி எத்தனை இருக்கிறது என்று எண்ணினால், செல் இப்போது எதற்காகப் பாடுபடுகிறது என்பது விளங்கும். காட்மியம் பட்டால் அந்த உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் புரதத்திற்கான படிகள் பெருகும். டையாக்சின் பட்டால் வேறொரு நொதிக்கான படிகள் பெருகும். நஞ்சுக்கு நஞ்சு கையெழுத்து வேறு.

1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், கடுகினச் செடி ஒன்றின் 45 மரபணுக்களைக் கண்ணாடித் தகட்டில் புள்ளிகளாகப் பதித்து, அவற்றின் படிகளை ஒரே வேளையில் அளந்தனர். முறை எளியது. நஞ்சுபட்ட செல்லின் படிகளுக்கு ஒரு நிறம். படாத செல்லின் படிகளுக்கு இன்னொரு நிறம். இரண்டையும் தகட்டின்மேல் ஓடவிட்டால், எந்தப் புள்ளியில் எந்த நிறம் மிகுகிறது என்பதே விடை. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை அளந்தார்கள். 1999இல் இத்துறைக்கு டாக்சிகோஜினோமிக்ஸ் என்று பெயரும் வந்தது. ஜப்பானியர் 2002இல் தொடங்கிய திட்டத்தில் ஏறத்தாழ 170 பொருள்களை எலிகளுக்கும், எலியின் ஈரல் செல்களுக்கும், மனித ஈரல் செல்களுக்கும் கொடுத்து, கையெழுத்துகளைத் தொகுத்து எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். புதுப் பொருளின் கையெழுத்தை அத்தொகுப்போடு ஒப்பிடலாம். அறிவைப் பூட்டி வைக்காத அந்தப் பண்பை நான் மெச்சுகிறேன்.

2004இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமாலைக் குறைந்த அளவில் எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஈரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழுதே இல்லை. படிகளை அளந்தபோதோ, செல்கள் ஆற்றல் குன்றித் தவிப்பதன் அறிகுறிகள் தெரிந்தன.

ஆனால் வகுப்பின் ஓசை மாறியதென்று நான் விரைந்து சென்று, ஆசிரியர் சொன்ன வேடிக்கைக்குப் பிள்ளைகள் சிரிப்பதைக் கண்டு திரும்பியதும் உண்டு. செல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சியும், அழிவின் தொடக்கமும், முதல் நிலையில் ஒன்றுபோல் தோன்றக்கூடும். எத்தனை அளவில், எத்தனை மணி நேரத்தில் என்று பலமுறை பார்த்தாலன்றி இவற்றைப் பிரித்தறிய இயலாது.

தாலிடோமைடை இம்முறை தடுத்திருக்குமா என்று என்னிடம் ஒரு பழைய மாணவர் கேட்டார். அம்மருந்து மனிதச் செல்லில் சால்4 என்னும் புரதத்தைச் சிதையச் செய்கிறது என்று 2018இல் தெரியவந்தது. எலியின் செல்லில் அது அவ்வாறு சிதைவதில்லை. அங்கே முதலில் அழிவது படி அன்று, படியைக் கொண்டு செய்த புரதம். படியை மட்டும் எண்ணும் தகடு அந்தத் தீங்கை நேராகக் காட்டியிராது. இக்காலத்து ஆய்வாளர் சிலர் மனிதச் செல்களையே எடுத்துக்கொண்டு, படிகளோடு புரதங்களையும் சேர்த்து அளக்கிறார்கள்.