குடியரசுத் தலைவர் பொறுப்பு வரிசை: 1969ஆம் ஆண்டுச் சட்டமும் துணைத் தலைவர் பதவி வெற்றிடமும்

முன்னுரை

இந்தியக் குடியரசுத் தலைவர் பதவி இறப்பு, விலகல், நீக்கம் ஆகியவற்றால் வெற்றிடமானால், புதியவர் பதவியேற்கும் வரை குடியரசுத் துணைத் தலைவர் அப்பொறுப்பை வகிப்பார் என்கிறது அரசமைப்பின் பிரிவு 65. அவ்வெற்றிடம் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் வழி நிரப்பப்பட வேண்டும் என்கிறது பிரிவு 62. துணைத் தலைவரும் இல்லாத நிலையில் பொறுப்பேற்பவர் யார் என்பதை அரசமைப்பு நேரடியாகக் கூறவில்லை. அதற்கு வழிவகுக்கும் அதிகாரத்தைப் பிரிவு 70 நாடாளுமன்றத்திடம் விட்டுள்ளது. அவ்வதிகாரத்தின்கீழ் 1969இல் இயற்றப்பட்ட சட்டத்தின் தோற்றத்தையும், பின்னர் நேர்ந்த வெற்றிடங்களையும் ஆராய்ந்து, சீர்திருத்தம் தேவைப்படும் இடத்தை இனங்காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1969ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் முதற் சோதனையும்

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். மே 28 அன்று நிறைவேறிய சட்டம், இரு பதவிகளும் வெற்றிடமானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும், அவர் இல்லாதபோது அந்நீதிமன்றத்தின் மூத்த நீதிபதியும் குடியரசுத் தலைவரின் பணிகளை ஆற்றுவர் என வகுத்தது.

இரண்டே மாதங்களில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்திட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அப்பதினான்கில் அடங்கும். மறுநாள் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடும்பொருட்டு அவர் பதவி விலகினார். தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா பொறுப்பேற்று, ஆகஸ்ட் 24 அன்று கிரி குடியரசுத் தலைவராகப் பதவியேற்கும் வரை 35 நாள்கள் அப்பணியை ஆற்றினார்.

அவசரச் சட்டத்திற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கிச் சட்டம் ஆகஸ்ட் 9 அன்று, அதாவது ஹிதாயத்துல்லாவின் பொறுப்புக் காலத்தில், ஒப்புதல் பெற்றது. ஆர்.சி. கூப்பர் வழக்கில் 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. ஜே.சி. ஷா தலைமையிலான அப்பதினொருவர் அமர்வில் தலைமை நீதிபதி இடம்பெறவில்லை. தம் பொறுப்புக் காலத்தில் ஒப்புதல் பெற்ற சட்டத்தின் செல்லுபடியைத் தாமே ஆராய்வது நீதிமுறைக்கு ஒவ்வாது. நீதித்துறைத் தலைவரை ஆட்சித்துறைத் தலைமையில் அமர்த்துவதன் விலை இதுவே. குடியரசுத் தலைவர் தேர்தல் குறித்த தகராறுகளைப் பிரிவு 71இன்படி உச்ச நீதிமன்றமே விசாரிக்கிறது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஆயினும் அன்றைய தெரிவை முற்றிலும் குறைகூற இயலாது. தலைமை நீதிபதிக்கு மாற்றாக முன்மொழியத்தக்கவர் மக்களவைத் தலைவர். 1969 ஜூலையில் அப்பதவியில் இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியும் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடுவதற்காகப் பதவி விலகினார். போட்டியில் இல்லாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது அவ்வாண்டில் நடுநிலைக்குத் துணைநின்றது.

தொடரும் வெற்றிடங்கள்

துணைத் தலைவர் பதவி காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் தலைமை நீதிபதியே அடுத்த நிலையில் இருக்கிறார். 1987 முதல் 2025 வரை இந்நிலை ஆறு முறை நேர்ந்தது. ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவரானதால் 1987இல் 40 நாள்களும், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர். நாராயணன் ஆகியோர் அவ்வாறே உயர்ந்ததால் 1992, 1997 ஆகிய ஆண்டுகளில் தலா 27 நாள்களும் அப்பதவி காலியாக இருந்தது. கிருஷண் காந்த் மறைவால் 2002இல் 23 நாள்கள், பைரோன் சிங் ஷெகாவத் விலகலால் 2007இல் 21 நாள்கள் அது காலியாக இருந்தது. 2025 ஜூலை 21 அன்று ஜகதீப் தன்கர் விலகியதிலிருந்து, செப்டம்பர் 12 அன்று திருப்பூரைச் சேர்ந்த சி.பி. இராதாகிருஷ்ணன் பதவியேற்கும் வரை 53 நாள்கள் கழிந்தன. ஆக மொத்தம் 191 நாள்கள்.

இந்நீட்சிக்குக் காரணம் 1969ஆம் ஆண்டுச் சட்டமன்று. அரசமைப்பின் பிரிவு 68 ஆகும். பதவிக்காலம் முடிவதற்கு முன் நேரும் துணைத் தலைவர் வெற்றிடம் 'இயன்ற விரைவில்' நிரப்பப்பட வேண்டும் என்பதோடு அது அமைகிறது. காலவரம்பு எதையும் குறிக்கவில்லை. இலங்கை அரசமைப்பின் பிரிவு 40, ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால் ஒரு மாதத்திற்குள் பாராளுமன்றம் புதியவரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்கிறது. 1993 மே 1 அன்று பிரேமதாச கொல்லப்பட்டபின் மே 7 அன்று டி.பி. விஜேதுங்க தெரிவுசெய்யப்பட்டார். 2022 ஜூலை 14 அன்று கோட்டாபய ராஜபக்ச விலகியபின் ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க தெரிவுசெய்யப்பட்டார். சிங்கப்பூரில் அதிபர் ஆலோசகர் மன்றத் தலைவரும், அவரையடுத்து நாடாளுமன்ற நாயகரும் பொறுப்பேற்கின்றனர், 2017இல் ஜே.ஒய். பிள்ளை அவ்வாறு பணியாற்றினார்.

முடிவுரை

இவற்றால் இரு திருத்தங்கள் தேவையெனத் தெரிகிறது. முதலாவது, பிரிவு 68இல் துணைத் தலைவர் வெற்றிடத்திற்குத் திட்டவட்டமான காலவரம்பு விதித்தல். மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு தேவைப்படும் பிரிவுகளின் பட்டியலில் 68 இடம்பெறாமையால், நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையே இதற்குப் போதுமானது. இரண்டாவது, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் தலைமை நீதிபதிக்கு முன்னதாக மாநிலங்களவைத் துணைத் தலைவரைச் சேர்த்தல். துணைத் தலைவர் இல்லாதபோது மாநிலங்களவையை நடத்தும் கடமை பிரிவு 91இன்படி ஏற்கெனவே அவரைச் சார்ந்ததே. எனினும் தேர்தலில் போட்டியிடுபவர் அப்பொறுப்பை ஏற்கலாகாது என்ற விலக்கும், பொறுப்புக் காலத்தில் கட்சிச் சார்பைத் துறக்கும் கடப்பாடும் உடன் இருத்தல் வேண்டும். இவற்றுள் முதலாவதே இன்றியமையாதது. வெற்றிடத்தின் காலம் சுருங்கினால், நீதிபதி அப்பொறுப்பை ஏற்கும் தேவையே அரிதாகும். 1969ஆம் ஆண்டுச் சட்டமும் தான் இயற்றப்பட்ட நோக்கத்திற்கேற்ப அரிதினும் அரிதான நிலைக்கு மட்டும் உரிய இறுதிக் காப்பாக நிற்கும்.