சிந்திய குருதிக்கு ஓர் அளவுகோல்

திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், கடலோரத்தில் அமைந்த ஊர் புல்மோட்டை. இல்மனைற்று முதலிய கனியங்கள் செறிந்த கருமணலே அவ்வூரின் பெயரைப் பிற நாடுகளும் அறியச் செய்தது. 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலோ, அவ்வூர் வேறொரு காரணத்தாற் பேசப்பட்டது. வன்னியிற் போர் உச்சநிலை அடைந்திருந்த வேளை அது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பிலே காயமுற்றோரும் நோயாளரும் கப்பலில் ஏற்றப்பட்டுப் புல்மோட்டையில் இறக்கப்பட்டனர். இந்திய அரசு அனுப்பிய வைத்தியக் குழுவினர் அங்கே கள ஆஸ்பத்திரி ஒன்றை நிறுவிச் சிகிச்சை அளித்தனர். பின்னர் அது செட்டிகுளத்துக்கு மாற்றப்பட்டது.

காயமுற்ற ஒருவர் இவ்விதம் வந்துசேரும்போது, சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் முன் எழும் முதல் வினாக்களுள் ஒன்று, 'இவர் இதுவரை இழந்த குருதி எவ்வளவு?' என்பதாம். விடை கூறுவார் எவருமிலர். காயம்பட்ட இடத்திலே சிந்தியது மண்ணோடு கலந்துவிடும். வழியிலே கசிந்தது கட்டுத்துணியில் உலர்ந்துவிடும். எளிதெனத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் உடலில், எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதி உண்டு. 60 கிலோகிராம் எடையுள்ளவரிடம் இருப்பது சற்றேறக்குறைய 4200 மில்லிலீற்றர். இதில் ஏழிலொரு பங்கு வரை போயினும் உடல் தன்னைத்தானே சமாளித்துக் கொள்ளும். வெளிக்குறிகள் பெரிதும் தோன்றா. மேலும் இழப்பு மிகும்போது நாடி விரையும், தோல் குளிரும். குருதி அமுக்கமோ, பெரும்பாலும் மூன்றிலொரு பங்களவு போன பின்னரே வெளிப்படையாகத் தாழும். ஆதலின், அமுக்கம் தாழும் வரை காத்திருப்பவர் காலந்தாழ்த்தியவராகிறார். இழப்பை உடனுக்குடன் அளந்தறிய வேண்டிய காரணம் இதுவேயாம்.

முற்காலத்தில் இவ்வளவைக்குப் பயன் அதிகம் இருக்கவில்லை. ஈதர் என்னும் மயக்கமருந்தைக் கொண்டு பொஸ்தன் நகரிற் பலரறியச் சத்திரசிகிச்சை நடந்தது 1846ஆம் ஆண்டில். மறு ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மொழியிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 'இரணவைத்தியம்' என்னும் நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. அந்நாளில் வைத்தியர் கையில் இருந்த வழிகள், குருதிக்குழாயைக் கட்டுதலும், அழுத்திப் பிடித்தலும், விரைந்து முடித்தலுமே. போன குருதியை ஈடுசெய்ய நம்பத்தகுந்த வழியில்லாதபோது, அதனை அளந்தறிந்து ஆவதென்ன? 1901இல் கார்ல் லான்ஸ்ரைனர் குருதி வகைகளை வெளிப்படுத்தியதும், 1914 அளவில் குருதியை உறையாது காக்கும் முறை கண்டறியப்பட்டதும் இந்நிலையை மாற்றின. கொடுக்க இயன்றபோதுதான் எவ்வளவு கொடுப்பது என்னும் கேள்வி பிறந்தது.

1924இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த கச், லிற்றில் என்னும் இருவர், சத்திரசிகிச்சையிற் பயன்பட்ட துணிகளை அளவான நீரிற் கழுவி, அந்நீரின் நிறத்தை நோயாளியின் குருதி கலந்த நீரின் நிறத்தோடு ஒப்பிட்டு இழப்பைக் கணித்தனர். முறை நுட்பமானது, ஆயினும் நேரம் பிடிப்பது. 1942இல் வங்கென்ஸ்ரீன் என்பவர் துணிகளை நிறுக்கும் எளிய வழியை வகுத்தார். ஒரு மில்லிலீற்றர் குருதியின் நிறை ஒரு கிராமிலும் சிறிதே கூடியது. ஆகவே, உலர்ந்தபோது 200 கிராம் நிறுத்த துணிகள் நனைந்தபின் 650 கிராம் நிறுத்தால், அவற்றில் ஏறிய குருதி ஏறத்தாழ 450 மில்லிலீற்றர். உறிஞ்சு போத்தலில் 600 மில்லிலீற்றர் சேர்ந்து, அதில் 250 கழுவிய உப்புநீராயின், எஞ்சும் 350உம் குருதியே. இரண்டும் சேர்ந்து 800. முன்னர்க் கூறியவரின் மொத்தக் குருதியில் இது ஐந்திலொரு பங்குக்கு அண்மையது. 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கோ 300 மில்லிலீற்றரே கால்பங்குக்கு மேலாகும்.

கண்ணால் மதிப்பிட்டால் போதாதா எனக் கேட்கலாம். கண் சிறிய இழப்பை மிகுத்தும் பெரிய இழப்பைக் குறைத்தும் காட்டுகிறது. ஆபத்து மிகும்போதே அதன் பிழையும் மிகுகிறது. இன்று பெலகாவி எனப்படும் கருநாடகத்துப் பெல்காமில் இது பிரசவத்தின்போது சோதிக்கப்பட்டது. தாயின் கீழே விரிக்கும் விரிப்போடு அளவுக்கோடிட்ட பையொன்று இணைக்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, வெறுங்கண் மதிப்பீடு பை காட்டிய அளவிலும் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. ஆபிரிக்க நாடுகள் நான்கில் இத்தகைய பையோடு உடனடிச் சிகிச்சை முறைகளையும் சேர்த்துக் கையாண்டபோது, கடுங்குருதிப்பெருக்கு, அதன்பொருட்டு வயிற்றைத் திறத்தல், அதனாலான மரணம் ஆகிய தீய விளைவுகள் ஒருங்கே 60 சதவீதம் குறைந்தன என்பது 2023இல் வெளியாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன்னரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: 500 மில்லிலீற்றருக்கு மேற் குருதி போகக் கூடுமா? கூடுமாயின் ஈடுசெய்யும் ஏற்பாடு முன்னரே ஆயத்தமாக வேண்டும்.

ஒரு தராசு, கோடிட்ட ஒரு பை, எழுதிவைக்க ஒரு தாள்: இவை பெருநகர ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் உரியன அல்ல, கரையோரச் சிற்றூரின் ஆஸ்பத்திரிக்கும் எட்டுவன. வருமுன் சிந்தியதை எவராலும் நிறுக்க இயலாது. வந்தபின் சிந்துவதை நிறுக்காது விடுவதற்கோ நியாயமில்லை.