கரிசலில் முளைத்த கட்சிகள் - 7: காளையை வென்ற சிங்கம்

1952 ஜனவரி. காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை எல்லாம் அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம். வாக்குச்சாவடி மறைப்புக்குள் வரிசையாக இரும்புப் பெட்டிகள். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் அவருடைய சின்னம். சீட்டில் பெயரும் கிடையாது, முத்திரை குத்தும் வேலையும் கிடையாது. பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

காங்கிரசுக்கு நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளை. கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இதைவிட நெருக்கமான சின்னம் ஏது? ஆனாலும் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தது பார்வர்ட் பிளாக்கின் சிங்கம். முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் சிங்கம்தான். இரண்டிலும் நின்றவர் ஒருவரே: முத்துராமலிங்கத் தேவர்.

1937இல் காங்கிரஸ்காரராக நின்று, நீதிக்கட்சியின் ராமநாதபுரம் ராஜாவைத் தோற்கடித்தவர் அவர். சுபாஷ் சந்திர போஸ் 1939இல் காங்கிரசுக்குள்ளேயே பார்வர்ட் பிளாக்கைத் தொடங்கியதும் அந்தப் பக்கம் போனார். நம் ஊரில் புதுக்கட்சிகள் பலவும் இப்படிப் பழைய கட்சியிலிருந்து பிரிந்து வந்தவைதான்.

கட்சி வெறி நாட்டைப் பிளக்கும் என்று 1796இல் எச்சரித்துவிட்டு விடைபெற்றார் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன். 1800 தேர்தலே இரண்டு கட்சிகளின் மோதலாகிவிட்டது. ஆனால் அங்கே சபையில் பெரும்பான்மை இல்லையென்றாலும் அதிபர் நாற்காலி ஆடாது. இங்கே தலைகளை எண்ணித்தான் ஆட்சி. எண்ணும்போது கட்சி தாவினால் கேட்க அன்று சட்டமும் இல்லை. கட்சித்தாவல் தடை நம் அரசியல் சாசனத்தில் ஏறியது 1985இல்தான்.

1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் மொத்தம் 375 இடங்கள். ஆட்சிக்கு 188 வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றுப்போனார். எதிரே பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகள், கிசான் மஸ்தூர் கட்சியினர், சுயேச்சைகள் என்று 166 பேர் ஓரணியில் திரண்டார்கள். அவர்களில் மூன்று பேர் சிங்கச் சின்னத்துக்காரர்கள்.

166 பெரிதா, 152 பெரிதா? பிரகாசத்தைத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட சனத்துக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை அது.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ, அந்தத் தேர்தலில் நிற்கவே நிற்காத 73 வயதுக் காங்கிரஸ் பெரியவர் ஒருவரை. அவருக்கு இன்னும் 36 தலைகள் வேண்டும். எந்தக் கட்சியிலிருந்து வரும்? என்ன விலைக்கு வரும்?

(தொடரும்)