ஒரு காது போதுமா?



"ஒரு காதுதானே கேட்கவில்லை, இன்னொன்று இருக்கிறதே!" இப்படிச் சொல்லாத தோட்டம் பேராக்கில் உண்டா? சுங்கை சிப்புட்டிலும் கேட்டிருக்கிறேன், பாகான் டத்தோவிலும் கேட்டிருக்கிறேன். என் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பிறந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். ஏழு வயதில் எனக்கு வலது காதில் சீழ் வடிந்தது. பாட்டி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டார். கோழி இறகால் துடைத்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிரஸர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அவர் பஞ்சை வைத்து அனுப்பினார். சில மாதங்களில் சீழ் நின்றது. அதோடு அந்தக் காதும் மந்தமாகிவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். ஒரு நாள் பால்வெட்டை விட்டால் அன்றைய கூலி போயிற்று. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒன்று போதும் என்னும் எண்ணம் நம் லயத்து எண்ணம் மட்டுமல்ல, நேயர்களே. மேல்நாட்டு வைத்தியர்களும் ஆசிரியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பிள்ளை கூப்பிட்டால் திரும்புகிறது, பேச்சும் வருகிறது, பிறகென்ன என்று விட்டுவிட்டார்கள். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபிரெட் பெஸ், ஆன் மேரி தார்ப் என்னும் இருவர், ஒரு காது மட்டும் கேளாத 60 பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஒரு வகுப்பிலாவது தேறாமல் பின்தங்கியிருந்தார்கள். பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போது இந்தச் செய்தி என் கண்ணில் பட்டது. என் பழைய ரிப்போர்ட் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்று ஆண்டு தவறாமல் எழுதியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

இரண்டு காது எதற்கு? இடப்பக்கமிருந்து வரும் ஓசை இடக்காதை முதலில் தொடுகிறது. தலையைச் சுற்றி வலக்காதுக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வலக்காதுக்குப் போகும் ஓசை சற்று மெலிந்தும் போகிறது. இந்த இரண்டு வித்தியாசங்களைக் கொண்டே மூளை திசையை அறிகிறது என்று 1907-இல் இங்கிலாந்தின் ராலே பிரபு விளக்கினார். ஒரு காது போனவனுக்கு இந்தக் கணக்குப் பிசகிவிடும். செம்பனைக் காட்டில் டிராக்டர் சத்தம் கேட்கும்; எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. கல்யாண வீட்டில் மேளமும் பேச்சும் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்கும். கேளாத பக்கமாக வந்து நலம் விசாரித்த உறவினருக்கு நாம் பதில் சொல்லாமல் போனால், தலைக்கனம் என்று பெயர் வாங்குவோம்.

வேலைக்குச் சேர்ந்தபின் ஈப்போவில் ஒரு காது வைத்தியரைப் பார்த்தேன். அவர் இசைக்கவை ஒன்றைத் தட்டி, என் நெற்றியின் நடுவில் வைத்தார். நம் அறிவியல் அறையில் இருக்கிறதே, இரண்டு முனை கொண்ட இரும்புக் கவை, அதுதான். "எந்தக் காதில் கேட்கிறது?" என்றார். ஆச்சரியம் பாருங்கள், கேளாத வலது காதில்தான் பலமாகக் கேட்டது! ஜெர்மனியைச் சேர்ந்த வேபர் 1834-இலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். இன்றும் அந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான். கேளாத காதில் பலமாகக் கேட்டால் கோளாறு அழுக்கிலோ, செவிப்பறையிலோ, அதன் பின்னுள்ள சிற்றெலும்புகளிலோ இருக்கிறது. உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. நல்ல காதுப் பக்கமே கேட்டால் கோளாறு நரம்புப் பக்கம்.

எனக்கு இருந்தது செவிப்பறையில் ஓட்டை. ஓட்டையுள்ள காதில் எண்ணெய் விட்டால் அது நடுக்காதுக்குள் இறங்கிவிடும் என்பது பாட்டிக்கு எப்படித் தெரியும்?

சீழ்க்காதுக்குப் பழைய நாளில் பயந்தது செவிட்டுக்கல்ல, உயிருக்கு. சீழ் மூளைக்கு ஏறினால் ஆள் போய்விடுவான். 1873-இல் ஜெர்மனியில் ஸ்வார்ட்ஸே காதின் பின்னெலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையை வகுத்தார். 1940-களில் பெனிசிலின் பரவியபின் அந்தப் பயம் குறைந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலை மாறி, கேள்வியையும் மீட்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் நுண்பெருக்கியின் கீழ் செவிப்பறைக்கு ஒட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். 1956-இல் அமெரிக்காவில் ஜான் ஷே, இறுகிப்போன அங்கவடி எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு வைத்தார். அரிசி மணியைவிடச் சிறிய எலும்பு அது! எனக்கும் காதுக்கு மேலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டினார்கள். முழுக் கேள்வி திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாதம் ஓர் இரவு, சுவர்க்கோழி எந்த மூலையில் கத்துகிறது என்று சொல்ல முடிந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன், அங்கேதான் இருந்தது.

நரம்புக் கோளாறு வேறு வகை. பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளைகளில் சிலருக்கு, பெரும்பாலும் ஒரே காது, அடியோடு போய்விடும். வீக்கம் வடிந்ததும் நோய் போயிற்று என்று நாம் இருந்துவிடுவோம். இதற்குத் தடுப்பு உண்டு. நம் அரசாங்கக் கிளினிக்குகளில் 2002 முதல் எம்.எம்.ஆர். ஊசியில் இதுவும் அடக்கம்.

இன்னொன்று, காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று அடைத்துப்போவது. அழுக்கு, சளி என்று காத்திருக்கக் கூடாது. நரம்பு திடீரெனச் செயலிழப்பதாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து உதவக்கூடும் என்று 1980-இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். முதல் சில நாட்களுக்குள் போவது உத்தமம். இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறையும். அருகிலுள்ள கிளினிக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம்.

ஆலை இரைச்சல் பொதுவாக இரண்டு காதையும் சேர்த்தே கெடுக்கும். ஆகவே அதை இங்கே அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒருவர் ஒரு நாள் வேலையில் கேட்கும் இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டக் கூடாது. செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர்கள் காதடைப்பானைக் கேட்டு வாங்குங்கள்.

அடியோடு போன காதுக்கு வழி? 1965-இல் ஹார்ஃபோர்ட், பாரி என்னும் அமெரிக்கர்கள் கேளாத காதில் ஒலிவாங்கியை வைத்து, அந்த ஓசையை நல்ல காதுக்கு அனுப்பும் கருவியைப் பற்றி எழுதினார்கள். 1977-இல் சுவீடனில் மண்டையெலும்பில் திருகாணி பதித்து, எலும்பு வழியே ஓசையைக் கடத்தினார்கள். 1978-இல் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க், உள்காதில் மின்கம்பி பதிக்கும் சிகிச்சையை மெல்பர்னில் செய்தார். அவருடைய தந்தையும் காது மந்தமானவர். இரு காதும் கேளாதவருக்கென்று வந்த அந்தச் சிகிச்சையை, ஒரு காது போனவருக்கும் அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள். செலவு பெரிது, எல்லாருக்கும் பொருந்தாது. முதல் வகைக் கருவிக்குக் கத்தி வேண்டாம், கழற்றியும் வைக்கலாம். யாராவது என்னைக் கேட்டால், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள் என்பேன்.

என் வகுப்பில் ஒரு பையன். பொன்னுக்கு வீங்கியில் இடது காது போனவன். அது தெரியாமல் ஓராண்டு முழுவதும் அவனைச் சுவரோரம், வலது காது சுவரைப் பார்க்க உட்கார வைத்திருந்தேன். இத்தனை பட்ட நானே அப்படிச் செய்தேன். இப்போது அவன் முன்வரிசையில், எனக்கு வலப்பக்கம், காற்றாடிக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். சொல்வதெழுதலில் போன மாதம் பத்துக்கு எட்டு.